விளக்கெண்ணெயில் நின்ற தராசு முள்

மயிலாப்பூர்,
6-2-1949, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா தங்கபுஷ்பம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் ஐயாவும், மாம்பலத்தில் உன் அக்கா பங்கஜமும் அவள் பிள்ளைகளும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். நம் கடைத் தராசுக்குத்தான் கார்த்திகை தொடங்கி உடம்பு சரியில்லாமல் இருந்தது, போன செவ்வாய்க்கிழமைதான் தேறியது. அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தவன் நீ, ஆகையால் நோய் வந்த கதையும் உனக்குத் தெரிய வேண்டும். அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று உன் கடைசிக் கடிதத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு வரி எழுதியிருந்தாய். ஒரு வரி குளிரைப் பற்றி, ஒரு வரி உன் பேராசிரியர் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார் என்று, மூன்றாவது வரி மற்றவை பின்னர் என்று, நாலாவது வரி உன் கையெழுத்து. பெற்றவளுக்கு இது போதும் என்று நினைத்தாயோ என்னவோ. அங்கே முட்டைக்கும் வெண்ணெய்க்கும் இன்னும் ரேஷன் என்று பேப்பரில் போடுகிறான், இங்கே அரிசிக்கு மறுபடி ரேஷன் வரும் என்கிறார்கள், வெள்ளைக்காரன் போனாலும் ரேஷன் போகாது போலிருக்கிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ, தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு படுக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கடை வாசலில் டிராம் போகும்போதெல்லாம் தங்கத் தராசு நடுங்கும் என்பது உனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தும் முள் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும், அது அடங்கி நிற்பதற்குள் அடுத்த டிராம் வந்துவிடும். மற்ற கடைக்காரர்கள் சுண்டுவிரலால் தட்டை மெல்லத் தொட்டு நிறுத்திவிடுவார்கள். உன் ஐயா தொடமாட்டார். தட்டில் விரல் வைத்தவன் என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காகவே இருபது வருஷமாக இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தெற்கேயிருந்து வந்து கடை போட்டவர்களை இந்த ஊர் முதல் ஐந்து வருஷம் விரலைத்தான் பார்த்தது, முகத்தைப் பிறகுதான் பார்த்தது. முள் அடங்குவதற்குள் வாங்க வந்தவர்கள் பெண்ணுக்கு வரன் பார்த்ததிலிருந்து மாப்பிள்ளையின் மாமா சிறைக்குப் போய் வந்தது வரை சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு மயிலாப்பூர் சமாசாரமெல்லாம் இப்படித் தராசு ஆடிய புண்ணியத்தில் தெரிந்ததுதான். இதை ஐயா உனக்கு ஒரு வரி எழுதிவிட்டார், படித்த பிள்ளை ஏதாவது வழி சொல்வான் என்று.

நீ வழி சொன்னாய். இரண்டாவதாக வந்த கடிதத்தில் ஐயா சுகமா என்று ஒரு வரி, ஆட்டம் எப்படி அடங்குகிறது என்று ஆறு பக்கம். ஐயாவுக்குக் கண்ணாடி போட்டாலும் உன் கையெழுத்துப் பிடிபடாது, ஆகையால் நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆடுகிற எதுவும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே அளவு குறைவதில்லை, அப்போது தன்னிடம் இருப்பதில் ஒரு பங்குதான் குறையும் என்று எழுதியிருந்தாய். நிறைய இருக்கும்போது நிறையப் போகும், கொஞ்சம் இருக்கும்போது கொஞ்சம்தான் போகும், அதனால் கணக்குப்படி பார்த்தால் அது முழுக்க இல்லாமல் போகும் நாளே கிடையாது என்றும் எழுதியிருந்தாய். எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. நிஜம்தானா என்று பார்க்க அடுக்களை உத்தரத்தில் நூலைக் கட்டி, கடைச் சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு, காற்றில் தடைபடட்டும் என்று அதன் மேல் ஒரு பழைய அட்டையையும் கோத்து ஆட்டிவிட்டேன். சுவரில் கரிக்கோடு போட்டு விரற்கடையால் அளந்தேன். முதலில் பதினாறு விரல், அடுத்து பன்னிரண்டு, அடுத்து ஒன்பது, அப்புறம் ஏழுக்குக் கொஞ்சம் குறைவு, அப்புறம் ஐந்து. நாலில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவையும் போகிறது, நீ சொன்னது சரிதான். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது, ஐயா அதைக் கவனிக்காமலே சாப்பிட்டார், காரணம் அவர் மனசும் அப்போது தராசில்தான் இருந்தது.

உன் ஆறு பக்கத்தில் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, எண்ணெய். தராசுக் கோலிலிருந்து ஒரு சின்னத் தகட்டைத் தொங்கவிட்டு, அது ஒரு கிண்ணத்து எண்ணெயில் முங்கியிருக்கும்படி வைத்தால் ஆட்டம் சீக்கிரம் அடங்கும் என்று எழுதியிருந்தாய். எண்ணெய் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும் என்றும் எழுதினாய். எந்த எண்ணெய் என்று எழுதவில்லை. நம் ஊரில் எத்தனை எண்ணெய் உண்டு என்பது ஆறே மாதத்தில் மறந்துவிட்டதா? கொஞ்சம் கெட்டியாக என்பதில் கொஞ்சம் என்ற சொல்லை ஐயா உடனே தள்ளுபடி செய்துவிட்டார். பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கிற ஹனீஃபாவைக் கூப்பிட்டு மண்ணெண்ணெய் டின்னில் தகடு வெட்டி மாட்டச் சொன்னார். முதலில் ஊற்றியது தேங்காயெண்ணெய். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, மூன்றாம் நாள் விடியற்காலைப் பனியில் எண்ணெய் நெய்யாக உறைந்து தகட்டைப் பிடித்துக்கொண்டது, தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. அரைச் சவரன் மோதிரத்துக்கும் ஐந்து சவரன் சங்கிலிக்கும் ஒரே மரியாதை. அதற்குப் பிறகுதான் உறையாத எண்ணெயாக, இருப்பதிலேயே கெட்டியாக, விளக்கெண்ணெய் வந்தது. ஹனீஃபா தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னா அண்ணாச்சி இது, கெடியாரத்துக்கு ஒரு சொட்டு வுட்டாலே மெதுவா ஓட ஆரம்பிச்சிரும், நீ இன்னாடான்னா கிண்ணம் நெறைய ஊத்திக்கினு கீறியே" என்று கேட்டான். அதற்கு உன் ஐயா, "லண்டன்லேருந்து எழுதி வந்திருக்குலே, நீ தகட்ட மாட்டு" என்றார். நீ இருப்பது மான்செஸ்டர் என்று நான் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது, அவருக்குக் கப்பலேறிப் போகிற ஊரெல்லாம் லண்டன்தான்.

விளக்கெண்ணெய் ஊற்றிய அன்று டிராம் போனது, முள் அசையவில்லை. இரண்டாவது டிராம் போனது, அசையவில்லை. ஐயா என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, "பாத்தியாளா, நின்னுட்டு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லவில்லை. மறுநாளே பெயிண்டரை வரவழைத்து வாசலில் பலகை மாட்டிவிட்டார், எங்கள் கடையில் தராசு ஆடாது என்று. சிவப்பு எழுத்தில், கீழே சின்னதாக, சீமை விஞ்ஞான முறை என்று வேறு. வருகிறவர்களிடமெல்லாம் மகன் கண்டுபிடித்தது என்று சொன்னார். தங்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அவர் காதில் விழவில்லை.

இப்போது நடந்ததைக் கவனமாகப் படி, உன் பேராசிரியருக்கும் சொல்லலாம். தராசின் கீழே இருக்கும் திருகைத் திருப்பிக் கோலை விடுவிக்கும்போது முள் நடுக்கோட்டில்தான் இருக்கும், எடை சரியில்லை என்றால் அப்புறம்தான் சாயும். முன்பு சட்டென்று சாயும். இப்போது தகடு விளக்கெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நகரும். ஐயா திருகைத் திருப்புவார், முள் நடுவில் நிற்கும், நின்றுவிட்டது என்று சந்தோஷமாக எடையைச் சொல்லிவிடுவார். அது நிற்கவில்லை, இன்னும் கிளம்பவே இல்லை. அவர் எப்போதும் சின்ன எடையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் கூட்டிக்கொண்டு போகிறவர், ஆகையால் சரியான எடைக்கு வந்து சேரும் முன்பே நிறுத்திவிடுவார், பொருள் நிஜத்தைவிடக் குறைவாகவே தெரியும். காலையில் குளிருக்கு எண்ணெய் இன்னும் கெட்டி, ஆகவே காலையில் குறைவு அதிகம். மத்தியான வெயிலில் எண்ணெய் இளகிவிடும், அப்போது முள்ளுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்து அசையும், எடை ஏறக்குறையச் சரியாக இருக்கும். இதெல்லாம் எனக்கு அப்புறம் புரிந்தது. மயிலாப்பூர் ஜனங்களுக்கு எனக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

எப்படிப் புரிந்தது என்று கேட்காதே, விஞ்ஞானம் படிக்காமலே புரிந்துகொண்டார்கள். மார்கழி பிறந்ததும் பார்க்கிறேன், காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும் முன்பே வாங்குகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். மார்கழியில் ஒரு மூக்குத்தி வாங்கக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிற ஊர் இது. வக்கீல் வீட்டு மாமி இரண்டு வாரத்தில் மூன்று தடவை வந்தாள், மூன்றும் காலையில். என்ன மாமி மார்கழியில் என்று கேட்டேன், "பொன் வாங்கறதுன்னா கார்த்தால வாங்கினாத்தான் தங்கும்ண்டு எங்காத்துல எல்லாரும் சொல்லிண்டிருக்கா" என்றாள். போன மார்கழியில் எந்த ஆத்திலும் அப்படி ஒரு சாஸ்திரம் இல்லை. பழைய நகையை விற்க வருகிறவர்களோ சாப்பிட்டுக் கைகழுவி, வெயில் நன்றாக ஏறின பிறகு, இரண்டு மணிக்கு மேல் வந்தார்கள். இந்த ஜனங்களின் பக்தியையும் சாஸ்திரத்தையும் வெயில் எப்படி மாற்றுகிறது பார். உன் ஐயா மட்டும் கூட்டத்தைப் பார்த்து, பலகை மாட்டினதிலிருந்து வியாபாரம் எப்படிப் பெருகுகிறது பாத்தியா, எல்லாம் பிள்ளை படிப்பு என்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்தச் சாஸ்திரம் தெரியாத ஒரே ஆள் அமீனா பீ. கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிறாளே, பைண்டிங் கடை அப்துல் கய்யூம் சம்சாரம், சின்ன வயதில் உனக்குச் சேமியா பாயசம் கொண்டுவந்து கொடுப்பாளே, அவள்தான். மகள் ஷாகிராவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். தன் கல்யாணத்தில் போட்ட நாலு வளையலை அழித்து மகளுக்குப் புது மாதிரியில் செய்யக் கொடுக்கலாம் என்று மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலையில் வந்தாள். ஐயா நிறுத்தார், பத்துச் சவரனுக்கு மூன்று குன்றிமணி குறைவு என்றார். அவளுக்கு முகம் மாறியது, பத்து என்று அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துப்போய் மத்தியானம் திரும்பி வந்தாள். ஐயா மறுபடி நிறுத்தார், சரியாகப் பத்து. கடையில் அப்போது ஏழெட்டுப் பேர், எல்லோரும் விற்க வந்தவர்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அமீனா பீதான் கேட்டாள், "இன்னா அண்ணாச்சி, என் வளையலு வூட்டுக்குப் போயி சோறு துன்னுட்டு வந்துச்சா?"

அந்த இடத்தில் மனிதன் சிரித்திருக்க வேண்டும், அல்லது இன்னொரு தடவை நிறுத்திருக்க வேண்டும். உன் ஐயா இரண்டும் செய்யவில்லை. இது சீமை முறைத் தராசு, இதில் தப்பு வராது, வளையலில் அழுக்கு இருந்திருக்கும், கழுவிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அழுக்கு இருந்தால் எடை கூடுமா, குறையுமா என்றுகூட யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக நம் கடையைத் தவிர வேறு படி ஏறாதவள் வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள். உன் ஐயா அன்று சாயங்காலம் பலகையைத் துணியால் துடைத்தார்.

ஆட்டம் தடவைக்குத் தடவை ஒரு பங்கு குறையும் என்றாயே, வம்புக்கு அந்த விதி கிடையாது கருணா, அது வீட்டுக்கு வீடு கால் பங்கு கூடுகிறது. பள்ளிவாசல் தெருவில் மூன்று குன்றிமணியாகக் கிளம்பினது லஸ் முனையைத் தாண்டும்போது அரைச் சவரன், மாம்பலத்துக்குப் போய்ச் சேரும்போது ஒன்றரைச் சவரன். பங்கஜம் பஸ் பிடித்து ஓடிவந்து, ஐயா கள்ளத் தராசு வைத்திருக்கிறாராமே என்று நாத்தனார் கேட்கிறாளம்மா, நான் என்ன பதில் சொல்ல என்று அழுதாள். விரலால் தொடாதவர் என்று பேர் வாங்க இருபது வருஷம் ஆனது, அது போக ஒரு மாதம் பிடிக்கவில்லை. கூத்து என்னவென்றால், இந்தக் கள்ளத் தராசில் நிஜமாக நஷ்டப்பட்டது நாம்தான், காலையில் வாங்கிப் போனவர்கள் எல்லோரும் நம் தங்கத்தைக் கூடுதலாகக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர்கூட இந்தத் தராசைக் குறை சொல்லவில்லை, நல்ல கடை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. சாவிக்கொத்தை மறுபடி கட்டினேன், இந்தத் தடவை அடியில் ஒரு அண்டாவை வைத்து. தண்ணீரில் ஆட்டிவிட்டதில் ஏழெட்டுத் தடவை ஆடி நின்றது. நல்லெண்ணெயில் ஒரு தடவை நடுவைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து கம்மென்று நின்றது. விளக்கெண்ணெயில் ஒரு தடவைகூட ஆடவில்லை, ஆனால் நடுவுக்கு வந்து சேரவும் இல்லை, மனசில்லாமல் சம்பந்தி வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி ஊர்ந்து ஊர்ந்து வந்தது. நான் ரசத்துக்குத் தாளித்து இறக்கிவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் வழியில்தான் இருந்தது. அதாவது இதற்கும் பாகு மாதிரி ஒரு பதம் இருக்கிறது. பதத்துக்கு முன்னால் எடுத்தால் ஆடிக்கொண்டே இருக்கும், பதம் தவறினால் நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஆடாமல் இருப்பதும் அடங்கி நிற்பதும் ஒன்றில்லை. இதை ஐயாவிடம் சொன்னேன், அண்டாவையே காட்டினேன். "அடுப்படியில சாவியக் கட்டித் தொங்கவிட்டுட்டு நீ லண்டனுக்குப் பாடம் சொல்லுதியாக்கும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பய அங்கேருந்து அனுப்பினது இந்தக் கடையில இது ஒண்ணுதாம்ளா இருக்கு, அதையும் எடுத்துப்போடச் சொல்லுதியே" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும், அமீனா பீக்காகவாவது பேசியிருக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை காலைத் தபாலில் உன் கடிதம் வந்தது. ஐயா கடையில் வாங்கிவைத்துச் சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்துவந்தார், நான் பிரித்து வாசித்தேன். நாலு வரியை எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் நாலு வரிதான். இரண்டு வருஷம் என்ற வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர் மூன்று மணிக்கு உள்ளே வந்து, இந்தக் கடுதாசிக்குள்ளே நீ ஏதாவது வச்சியாளா என்று கேட்டார். நான் என்ன வைக்கப் போகிறேன், பிரித்தேன் மடித்தேன் என்றேன். திருநீறு கிருநீறு போட்டியா என்றார். இல்லை என்றேன். கடிதத்தோடு கடைக்கே திரும்பிவிட்டார். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் வாசலில் காத்திருந்தவர்களை நிற்கவைத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உன் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். தட்டில் கடிதம், எதிர்த்தட்டில் எடைக்கல். நிறுத்தார், எடுத்தார், மறுபடி நிறுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து கிண்ணத்தை எடுத்துக் கொல்லைப்பக்கம் வந்து, என்னைப் பார்க்காமல் எண்ணெய் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தார். வக்கீல் வீட்டு மாமி ஏன் இன்னும் வியாபாரம் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டதற்கு, மத்தியானம் வாங்கம்மா என்று சொல்லி அனுப்பினார். போகும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு அமீனா பீ வீட்டுக்கு நடந்தார். தராசைக் கொண்டுபோகவில்லை, பலகாரம் கொண்டுபோகவில்லை, உன் கடித உறை ஒன்றுதான் கையில். அப்துல் கய்யூம் வீட்டில் இல்லை. அமீனா பீ உட்காரச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தாள், ஷாகிரா கதவுக்குப் பின்னால். ஐயா உறையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலால் இரண்டு எடை எழுதியிருந்தது. திங்கள் காலை, ஒரு சவரனுக்கு நாலு குன்றிமணி குறைவு. அதற்குக் கீழே, மத்தியானம், ஒரு குன்றிமணி குறைவு. "உன் வளையல்ல போன அதே மூணு குன்றிமணிம்மா. எம்மவன் கடுதாசியே எங்கிட்ட கொறஞ்சு போச்சு. அழுக்குன்னு சொன்னேன், தப்பு என் பேர்ல" என்றார். அவர் வாயால் தப்பு என்ற சொல்லைக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அன்றுதான் கேட்டேன். அமீனா பீ உறையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது, ஐயா விரல் வைத்துக் காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "புள்ள கடுதாசிய தங்கத் தராசுல வச்சு நிறுத்துக்கினு கீற ஆளு, என் வளையல்ல கை வெப்பாரா? போ அண்ணாச்சி, உக்காரு, டீ குடி" என்றாள். வளையல் அன்றே நம் வீட்டுக்கு வந்துவிட்டது. ஷாகிராவுக்குப் புது வளையல் நம் கடையில்தான். ஐயா கூலி வாங்கமாட்டேன் என்கிறார், அவள் கொடுக்காமல் விடமாட்டேன் என்கிறாள், அது அடங்கச் சில நாளாகும். கள்ளத் தராசு என்று சொன்ன நாத்தனாருக்கும் அமீனா பீயே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், பங்கஜம் இப்போது தலைநிமிர்ந்து மாம்பலத்தில் நடக்கிறாள். வாசல் பலகை உள்ளே போய்விட்டது, அதன் பின்பக்கத்தை நான் வடகம் காயவைக்க எடுத்துக்கொண்டேன். நேற்றுக் காலையில் ஐயா அடுக்களை வாசலில் நின்று உத்தரத்தைப் பார்த்தபடி, அன்னைக்கு எந்த எண்ணெய்னு சொன்னே என்று கேட்டார். நான் நல்லெண்ணெய்ச் செம்பை எடுத்து நீட்டினேன். இப்போது டிராம் போனால் முள் ஒரு தடவை ஆடி நிற்கிறது. காலைக் கூட்டம் குறைந்துவிட்டது, சாஸ்திரமும் மாறிவிட்டது.

இதோடு முடித்திருப்பேன். அமீனா பீ வீட்டிலிருந்து வந்ததும் உறையை எடைக்கல் பெட்டியில் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார், அங்கேதான் நீ இதுவரை போட்ட மற்ற நாலு உறையும் அடுக்கி இருந்தன. எல்லாவற்றின் பின்பக்கத்திலும் பென்சில் எழுத்து. நீ போய்ச் சேர்ந்ததும் போட்டது மூன்று சவரன். அடுத்தது இரண்டேகால். அடுத்தது ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தது ஒன்றேகால். இப்போது வந்தது ஒன்றுக்குக் குறைவு. நான் ஐந்தையும் வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்தேன், சுவரில் என் கரிக்கோடு நினைவுக்கு வந்தது. நாலில் ஒரு பங்கு ஒவ்வொரு தடவையும் போகிறது, நீ சொன்னது சரிதான் கருணா. உன் விதிப்படி இது முழுக்க இல்லாமல் போகாது என்பதும் தெரியும். ஆனால் நான் வெறும் உறையை மட்டும் தனியாக நிறுத்துப் பார்த்தேன், அதுவே கால் சவரன் இருக்கிறது. அப்படியென்றால் எத்தனாவது கடிதத்தில் உறை மட்டும் வரும் என்று நீயே போட்டுப் பார், எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம். எனக்கு உன் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. ஊரே கூடி நின்று குறைகிறது என்று சொன்னபோது எடுக்காத எண்ணெயை அந்த மனுஷன் உன் கடிதத்தில் மூன்று குன்றிமணி குறைந்ததும் எடுத்துக் கொட்டினார். இரண்டு வருஷம் இருப்பதானால் இரு, படிப்பு பெரிது, தடுக்கமாட்டோம். ஆனால் அதை அவருக்கு உன் வாயால் சொல்வது போல் நாலு பக்கம் எழுது, ஏன், எதற்கு, என்ன படிப்பு, அதற்குப் பிறகு வருவாயா என்று எழுது. படிப்பு எங்களுக்குத் தெரியாத பெயராக இருந்தாலும் பரவாயில்லை, இனி எண்ணெய் என்று எழுதினால் மட்டும் எந்த எண்ணெய் என்று பெயர் சொல்லி எழுது.

தைப்பூசத் தெப்பம் வருகிற வாரம், உன் பெயருக்கு அர்ச்சனை செய்கிறேன். ஹனீஃபா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னான். ஷாகிரா நிக்காஹுக்கு உன் பெயரில் ஒரு வெள்ளித் தட்டு வைக்கிறோம், நீயும் அவர்களுக்கு ஒரு வாழ்த்துப் போடு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, எங்கே இருந்தாலும் முருகன் உனக்கு முன்னால் நடக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இரு. மறக்காமல் ஒரு விஷயம். காகிதத்தை மிச்சம் பிடிக்க இரண்டு பக்கமும் எழுது என்று நீ கப்பலேறும்போது சொல்லி அனுப்பினேன் அல்லவா, அதை இனிமேல் கேட்காதே. ஒரு பக்கம் மட்டும் எழுது, எடை கூடும்.

இப்படிக்கு,
உன் கடிதத்தை நிறுத்துப் பார்ப்பவரின் சம்சாரமும்
உன் அம்மாவுமான
சு. தங்கபுஷ்பம்